கமலவேணி விற்ற மரங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சளி மருந்து, நன்னாரி சர்பத், மரத் திட்டம், இந்த மூன்றில் எதையும் நான் காசு கொடுத்து வாங்கியவன் இல்லை. இருபத்தெட்டு வருஷம் நாமக்கல் லாரி ஓட்டி, முதுகெலும்பு தேய்ந்து, இனி கியர் போட்டால் கட்டிலோடுதான் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு கம்பெனியின் ஆம்னி வேனுக்கு டிரைவராகச் சேர்ந்தேன். பெயர் நாச்சிமுத்து. வேனின் தலையில் கட்டிய மைக்செட்டுக்குக் கீழே ஆறு வருஷம் உட்கார்ந்ததில் இடது காது பாதி போய்விட்டது. என் கதை இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது கமலவேணியைப் பற்றி. அதிலும் குறிப்பாக, புதுச்சத்திரம் கருப்பண்ணனை நெஞ்சு ஆபரேஷனுக்கு அனுப்பிவைக்க அவள் பட்ட பாட்டைப் பற்றி.

கமலவேணிக்கு ராசிபுரம். நாற்பத்தாறு வயது. வீட்டுக்காரர் வீரபாகு விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று அவர் பேச்சை விட்டு இருபது வருஷம் ஆகிறது. அவருடைய பங்கையும் சேர்த்து இவள்தான் பேசுகிறாள். வேனில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் பேச்சு. மைக்கில் ஓடுவதும் இவள் குரல்தான், முன்சீட்டில் ஓடுவதும் இவள் குரல்தான். எந்தச் சத்தத்தில் காது போயிற்று என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

வேலை என்னவென்றால், வீடு வீடாகப் போக வேண்டும். ஐப்பசி மழை பிடித்ததும் சளி மருந்து: ஆடாதொடை, தூதுவளை, சுக்கு, சித்தரத்தை எல்லாம் இடித்த பொடி, கூடவே நெற்றியில் தேய்க்க ஒரு தைலம். மாசி பிறந்ததும் நன்னாரி சர்பத். வருஷம் முழுவதும் மரத் திட்டம். இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று சேர்ந்த புதிதில் நான் கேட்டேன். "சளி மருந்துன்னா கதவு தொறப்பாங்கண்ணா. சர்பத்துன்னா சேர் போடுவாங்க. மரத்தப் பத்திப் பேச சேர் வேணுமில்லீங்களா?" என்றாள். கம்பெனி மேனேஜரைக் கேட்டிருந்தால் இதையே ஒரு மணி நேரம் சொல்லியிருப்பார்.

அவள் விற்கிற விதமே தனி. வாசலில் நின்று மருந்து, சர்பத் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டாள். "கொழாயில தண்ணி வருதுங்களாக்கா?" என்பாள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் வாய் திறக்காத வீடு கிடையாது. அவர்கள் பஞ்சாயத்தைத் திட்டி முடிக்கும்போது இவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள். அவர்கள் கையில் ஒரு சின்னக் காகித டம்ளரில் சர்பத் வந்திருக்கும். ஓசியில் குடித்தவர்கள் எழுந்து போகச் சொல்வதற்குப் பத்து நிமிஷம் கூச்சப்படுவார்கள். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துத்தான் அவள் குடும்பம் நடத்துகிறாள்.

மரத் திட்டம் வேறு மாதிரி. போதமலை அடிவாரத்தில் கம்பெனிக்கு ஒரு தோப்பு. அதில் மலைவேம்பு நட்டு, எட்டுப் பத்து வருஷத்தில் பிளைவுட்டுக்கு வெட்டி, மரத்துக்குப் பணம் போட்டவர்களுக்குப் பங்கு. கம்பெனிக்காரர்கள் இதை முதலீடு என்றார்கள். முதலீடு என்ற சொல்லைக் கேட்டதும் எந்த வீட்டிலும் ஆம்பிளைகள் வெளியூர் போயிருப்பார்கள். ஒரு மாதம் அலைந்துவிட்டுக் கமலவேணி அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டாள். "பணம் போடறதா நெனைக்காதீங்க சாமி. உங்க பேருல ஒரு புள்ளைய நட்டு வெக்கறதா நெனைச்சுக்குங்க" என்று ஆரம்பித்தாள். இது வில்லங்கத்தில் முடியும் என்று நான் அப்போதே சொன்னேன். நான் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை என்றால் சும்மாவா? மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்ட பிறகுதான் கையெழுத்து. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. ஒரு வீட்டில் சிவப்பு வந்துவிட்டது. மறு வாரம் இவள் சர்பத்தோடு போய், "மரமே வேண்டாம்னா ஆத்தா சொன்னா? அன்னிக்கு நாள் செரியில்லைன்னு சொல்லியிருப்பாளுங்க. ஒருக்கா திருப்பிக் கேளுங்க" என்றாள். திருப்பிக் கேட்டார்கள், வெள்ளை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சம்பளம் வாங்குகிறவன் சிரிக்கக் கூடாது.

அடுத்து, மரத்துக்குக் கம்பெனி அடித்த நம்பர் தகடு பெண்களுக்குப் பிடிக்கவில்லை. "என்ற மரத்துக்கு நம்பரா? அதென்ன செயிலா?" என்றார்கள். கமலவேணி ராசிபுரத்தில் லாரிக்கு நம்பர் பிளேட் எழுதுகிற ஒருவரிடம் சொல்லி, ஒவ்வொருவர் பேரும் ஊரும் எழுதிய தகடு வாங்கி வந்தாள். அவருக்குத் தெரிந்தது ஒரே தினுசுதான். ஆகவே தோப்பு முழுக்க மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்தில் எல்லாரும் வாடகை வண்டியாக நின்றார்கள்.

தகடு வந்ததும் ஆடிப் பதினெட்டுக்குப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். மலைவேம்பு, மரத்தின் பேரிலேயே வேம்பு இருக்கிறதே. மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், புதுத்துணி சுற்றினார்கள், பொங்கல் வைத்தார்கள். எடப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், அண்ணன் மரம் பெருத்துவிட்டது தம்பி மரம் ஒல்லியாக இருக்கிறது என்று தோப்புக்குள்ளேயே மல்லுக்கு நின்றார்கள். கமலவேணி கடலைப் புண்ணாக்கு வாங்கித் தம்பி மரத்துக்கு மட்டும் போடச் சொல்லி சமாதானம் செய்தாள். எட்டாம் வருஷம் வெட்டுவோம் என்று ஒருநாள் நான் வாய் தவறிச் சொன்னதற்கு ஓர் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வெட்டுவது கம்பெனித் தாளில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. எட்டாம் பக்கம் வரைக்கும் ஒருவரும் போகவில்லை.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். போன வருஷம் ஒன்று நடந்தது, அதைச் சிரிக்க முடியாது. பணம் போட்ட ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது எழுபத்தெட்டு. அந்த வாரம் அவர் மரத்தில் இலை வாடியிருந்ததாக யாரோ சொன்னார்கள். அந்த வாரம் வெயிலில் எல்லா மரத்திலும்தான் இலை வாடியிருந்தது. ஆனால் மரம் வாடினால் ஆளுக்கு ஆகாது என்று நாலு ஊரில் பேச்சு பரவிவிட்டது. கமலவேணி நினைத்திருந்தால் மறுத்துச் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னால் கேட்பார்கள். சொல்லவில்லை. அந்த மாதம்தான் மரம் அதிகமாக விற்றது. இதை அவள் முன்னாலேயே அவளிடம் நான் சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கேயும் சொல்கிறேன்.

இனிக் கருப்பண்ணன். புதுச்சத்திரத்தை ஒட்டிக் காடு, குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும் சோளமும் போடுகிறவர், அறுபத்து நாலு வயது. அந்தப் பக்கத்தில் முதல் மரம் வாங்கியது அவர்தான். மற்றவர்கள் பேர் மட்டும் கொடுத்தார்கள், இவர் தோப்புக்கே வந்து தன் கையால் குழியில் எரு போட்டு நட்டுவிட்டுப் போனார். "கண்டவன் நட்டா அது கண்டவன் மரம்" என்றார். வருஷத்துக்கு நாலு தடவை வந்து பார்ப்பார். சம்சாரம் சாலம்மாள். மகன் திருப்பூரில். கமலவேணி அந்த வழியாகப் போனால் இறங்காமல் போகவே மாட்டாள்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு மாதமாக இருமல். சாலம்மாள் எங்கள் பொடியை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நாலாவது டப்பா கேட்டபோது கமலவேணி கொடுக்கவில்லை. கேட்டு வாங்குகிறவர்களுக்கு டப்பாவை இவள் கொடுக்காமல் நிற்பதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"அண்ணாங்க, இருமல் எப்ப வருது?"

"படுத்தா வருது. எந்திரிச்சு உக்காந்தா நின்னுருது."

"காலு ஏனுங்க வீங்கியிருக்குது?"

"வயசாவுது அம்மிணி."

"இது சளியில்லீங்க. என்ற பொடிக்கு இது கேக்காது. நாளைக்கே நெஞ்சு டாக்டர்கிட்டப் போங்க. நீங்க போவலீன்னா நானே வந்து வேன்ல ஏத்திட்டுப் போயிருவேன்."

போனார்கள். ரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து சரிபண்ண வேண்டும் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். முதல் தடவை தேதி கொடுத்தபோது அமாவாசை ஆகட்டும் என்று தள்ளினார். இரண்டாம் தடவை கிழங்கு பிடுங்க ஆள் வருகிறது என்று தள்ளினார். உண்மையில் பயம். நெஞ்சை அறுத்துத் திறப்பார்கள் என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது? மூன்றாம் தடவை டாக்டர், "இதையும் தள்ளினா அப்புறம் இங்க வராதீங்க, வர்றதுக்கு ஆள் இருக்க மாட்டீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வைகாசியில் ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள். கோயிலில் பூப்போட்டுக் கேட்டார்கள், வெள்ளை வந்தது. சரி, ஒருவழியாகப் போகிறார் என்று நினைத்தோம்.

முந்தின வெள்ளிக்கிழமை சாலம்மாள் போன் செய்தார். கமலவேணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மிணி, மரத்த ஒரு எட்டுப் பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேங்கறாரு. மரம் நல்லாருந்தா படுக்கறேன், இல்லீன்னா என்ன ஊட்லயே உட்ருங்கன்னு சொல்றாரு. சொன்னாக் கேக்கற ஆளா அவரு? ஞாயித்துக்கெழமை கூட்டிட்டுப் போயிரு சாமி."

"அதுக்கென்னங்கக்கா, கூட்டிட்டுப் போயிர்றேன். மரம் ஜம்முனு நிக்குது" என்றாள் கமலவேணி. அவள் தோப்புப் பக்கம் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் போனோம். சும்மா புல்லைச் செதுக்கி, தண்ணீர் கட்டி, மரத்தடியைக் கொஞ்சம் பார்வையாக வைக்கலாம் என்றுதான். வாய்க்காலிலிருந்து இரண்டாவது மரம். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து மரங்களெல்லாம் பச்சையாக நிற்க, நடுவில் அது மட்டும் ஓர் இலை இல்லாமல் குச்சியாக நின்றது. கமலவேணி போய்ப் பட்டையில் விரலை வைத்தாள். பட்டை அப்படியே பெயர்ந்து விழுந்தது. உள்ளே மண்ணும் கரையானும். சித்திரையில் தோப்பு மோட்டார் பத்து நாள் ஓடவில்லை, அப்போது பிடித்திருக்கிறது என்று காவல்காரர் கந்தவேல் சொன்னார். ஏனப்பா சொல்லவில்லை என்று கேட்டால், ஒரு மரந்தானுங்களே என்றார். தகட்டில் மட்டும் மஞ்சள் பளிச்சென்று இருந்தது: கருப்பண்ணன், புதுச்சத்திரம்.

"அட கெரகமே" என்றேன்.

"சித்த பேசாம இருங்கண்ணா."

மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அப்புறம் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "இதுல என்ன ரோசனை? தகட்டக் கழட்டிப் பக்கத்து மரத்துல மாட்டு. பக்கத்துத் தகட்ட இதுல மாட்டு. முடிஞ்சுது."

அவள் பக்கத்து மரத்துக்குப் போனாள். தகட்டைப் பார்த்தாள். "இது தீபிகாங்கண்ணா. ஓமலூர் குருமூர்த்தி மவ. எட்டு வயசு."

"செரி, அடுத்தது."

"அன்புச்செல்வி. மாசமா இருக்குது."

"அதுக்கு அடுத்தது?"

"அறிவு. போன மாசந்தான் கண்ணாலம் ஆச்சு. பொண்ணு மொகத்தப் பாத்தீங்கல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெயிலில் நின்றுகொண்டு ஜனத்தொகைக் கணக்கா எடுக்கிறோம்? "அம்மிணி, நேராச் சொல்லு. மரம் பட்டுப்போனா ஆளு போயிருவான்னு நீ நம்பறயா?"

"நான் நம்பலீங்க."

"அப்பறம் மாட்டு."

"முடியலீங்களே."

ஆள் இல்லாத மரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தோம். இந்த வருஷம் நட்டது மட்டும்தான் விற்காமல் இருந்தது. முழங்கால் உயரம். ஆறு வருஷத்து மரத்தைத் தேடி வருகிறவருக்கு அதைக் காட்ட முடியாது. என் பேரில் ஒன்று இருந்தால் கொடுத்திருப்பேன், எனக்குத்தான் மரமே கிடையாதே. கமலவேணி அடுத்த வரிசைக்குப் போனாள். அங்கே ஒரு மரம் நல்ல பருமனாக, தோப்பிலேயே நேராக நின்றது. முதல் வருஷம் நிறைய மரம் விற்றதற்காகக் கம்பெனி அவளுக்குக் கொடுத்தது. கமலவேணி, ராசிபுரம்.

"பிளேயர் எடுங்கண்ணா" என்றாள்.

"வேண்டாம் அம்மிணி" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது, நானும் நம்பாதவன்தான்.

"வெறும் மரந்தானுங்களே" என்று சொல்லிவிட்டு அவளே போய் வேனிலிருந்து கம்பி முறுக்குகிற பிளேயரை எடுத்து வந்தாள். கருப்பண்ணன் தகட்டைத் தன் மரத்துக்கு மாற்றி, பட்ட மரத்தில் தன் பேரை வைத்துக் கட்டுக்கம்பியை முறுக்கினாள். கம்பி இரண்டு தடவை நழுவியது. திரும்பி வரும்போது வேனில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாமகிரிப்பேட்டை தாண்டும்போது, பேரை மாற்றிக் கட்டியதை வீட்டுக்காரர் வீரபாகுவிடம் சொல்வாயா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கருப்பண்ணனையும் சாலம்மாளையும் ஏற்றிக்கொண்டு போனோம். தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீடு போகிற மாதிரி வந்தார்கள். கருப்பண்ணன் நாலு எட்டு வைத்தால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். தோப்பு வந்ததும் கமலவேணி முன்னால் ஓடி, "இந்தப் பக்கமுங்கண்ணா, இந்தப் பக்கம்" என்று அடுத்த வரிசைக்குக் கூப்பிட்டாள். சாலம்மாள் அவள் பின்னால் போய்த் தகட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வாங்க, உங்க பேரு இங்கதான் இருக்குது. என்னமா வளந்து கெடக்குது பாருங்க!" என்று சத்தம் போட்டார்.

அவர் வரவில்லை. வாய்க்கால் கரையில் இறங்கி நேராக இரண்டாவது மரத்துக்குப் போய் நின்றார். நாங்கள் பெரிய புத்திசாலிகள், தகட்டை மாற்றினோம். குடியானவன் தகட்டைப் பார்த்தா தன் மரத்தைத் தேடுவான்? இந்த மடத்தனம் என் புத்திக்கும் எட்டவில்லை, அவள் புத்திக்கும் எட்டவில்லை.

மரத்தை மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். அப்புறம்தான் தகட்டைப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், கொஞ்ச நேரம் ஆனது.

"அம்மிணி, இது யாரு மரம்?"

"என்றதுங்கண்ணா."

"எப்பருந்து?"

கமலவேணி தலையைக் குனிந்து வாய்க்கால் பக்கம் பார்த்தாள்.

"வாய்க்கால்லருந்து ரெண்டாவது. குழியில எருவு போட்டது நானு. என்ற மரம் எனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை.

சாலம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயோ, ஆத்தா மகமாயி" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேங்காய் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. போயிற்று, இனி இந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார், வியாழக்கிழமையும் போயிற்று, ஆளும் போயிற்று என்று நினைத்தேன். கமலவேணி மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது எனக்கு. பிள்ளை என்று யார் சொல்லச் சொன்னது இவளை?

கருப்பண்ணன் குனிந்து பட்டையை உரித்துப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்து மரத்துக்கு நகர்ந்தார். அதன் அடியில் நகத்தால் கீறினார். விரல் அளவுக்குக் கரையானின் மண்கோடு ஒன்று மேலே ஏற ஆரம்பித்திருந்தது.

"இது யாரோடது?"

"தீபிகாங்க" என்றாள் கமலவேணி. "ஓமலூருப் புள்ள."

"எத்தன வயசு?"

"எட்டுங்க."

அவர் நிமிர்ந்தார். "கந்தவேலு, கோடாலி இருக்குதா?"

"என்ன பண்றீங்க?" என்று சாலம்மாள் அலறினார். "உங்க மரத்த நீங்களே வெட்டச் சொல்றீங்களா? உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"இத நிக்க வெச்சா கரையான் அதுக்குப் போவும். அது சின்னப் புள்ள பேருல நிக்குது. தெரிஞ்சும் உட்டுட்டுப் போவச் சொல்றியா?"

கோடாலி வந்தது. கந்தவேல் ஓங்கப் போனபோது கருப்பண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். என்னிடம் பிளேயர் கேட்டார். அவரே கம்பியை அறுத்து மஞ்சள் தகட்டை எடுத்து, மண்ணைத் துடைத்து, கமலவேணியிடம் நீட்டினார். "புடி. உன்ற பேரக் கண்ட எடத்துல கட்டி வெக்காத."

அவள் வாங்கிக்கொண்டாள். "உங்க பேரு அங்கயே இருக்கட்டுங்கண்ணா. நல்ல மரமுங்க."

"அது உன்ற மரம். என்ற பேரக் கழட்டிரு."

"உங்களுக்கு மரமே இல்லாமப் போயிருமுங்க!"

"ஆஸ்பத்திரிக்கு நாந்தான போறேன். மரமா போவுது?" என்றார். அப்புறம் பட்ட மரத்தைக் கையால் தட்டிவிட்டுச் சொன்னார்: "பயமாத்தான் இருக்குது அம்மிணி. நெம்பப் பயமா இருக்குது. ஆனா எனக்கோசரம் நீ உன்ற பேரையே கொண்டாந்து இதுல கட்டிட்ட. அதுக்குமேல நான் ஊட்ல படுத்துக்கிட்டேன்னா நான் என்ன மனுசன்? வெட்டு கந்தவேலு."

பத்து வெட்டுக்கூடத் தாங்கவில்லை, உள்ளே அவ்வளவும் மண். மரம் விழுந்ததும் சாலம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். கருப்பண்ணன் மூடவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்ததும், "நாச்சிமுத்து, வேசாழக்கெழமை எத்தன மணிக்கு வண்டி கொண்டாருவ?" என்று என்னைக் கேட்டார். அஞ்சரைக்கு என்றேன். அஞ்சுக்கே வா என்றார்.

வியாழக்கிழமை ஐந்து மணி நேரம் ஆபரேஷன். மகன் வந்திருந்தான். சாலம்மாள் ஒரு பக்கம், கமலவேணி ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கமலவேணி டீ குடிக்கவில்லை, அந்தத் தகட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அதன் மேல் கையை வைத்தபடி இருந்தாள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டினாள்.

சனிக்கிழமைதான் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். கமலவேணி போனாள், நான் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அவருக்குக் குரல் எழும்பவில்லை. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"வேரத் தோண்டி எடுத்தாச்சா?"

"என்னங்கண்ணா?"

"அடிமரம். வேருலதான் கரையான் புத்து இருக்கும். வெட்டுனா மட்டும் பத்தாது."

"எடுத்தாச்சுங்கண்ணா. அன்னிக்கே எடுத்தாச்சு" என்றாள்.

எடுக்கவில்லை. ஒருத்தருக்கும் அது நினைப்பிலேயே இல்லை. மாடிப்படி இறங்கி வந்தவள் வேனில் ஏறி, "தோப்புக்கு உடுங்கண்ணா" என்றாள். கந்தவேல் அன்றைக்கு ஊரில் இல்லை. அவர் குடிசையிலிருந்து மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு நாங்களே தோண்டினோம். என் முதுகுக்கு ஆகாத வேலை, அதைச் சொல்லிக்கொண்டேதான் தோண்டினேன். பக்க வேர்களை அறுத்து, இடுப்பளவு குழி இறங்கியதும், கமலவேணி குழிக்குள் நின்றபடியே அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழுதாள். பொழச்சுக்கிட்டார் இல்ல, எதுக்கு அழுகிறாய் என்றேன்.

"ஞாயித்துக்கெழமையிலருந்து நான் தூங்கலீங்கண்ணா" என்றாள். "ஒரு நாளு என்ற பேரு இந்த மரத்துல இருந்துச்சு. நம்பல நம்பலன்னுதான் சொல்லிட்டிருந்தேன். அவரு உள்ள போனப்ப, ரெண்டு பேருல ஒருத்தருக்கு என்னமோ ஆயிரும்னு உக்காந்திருந்தேன்."

"யாருக்கு ஆவோணும்னு நெனைச்சே?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அது மட்டும் கேக்காதீங்கண்ணா."

நான் கேட்கவில்லை. அவளை மேலே ஏறச் சொல்லிவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். அடிவேர் வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது.